லயத்து வீட்டு எண்ணிலிருந்து ஐபி முகவரி வரை: வலையமைப்பின் வரலாறும் அடிப்படையும்



தமிழாசிரியருக்கு ஐபி முகவரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று நம்ம பள்ளியில் கணினி அறை இருக்கிறது. ஆசிரியர் அறையில் அச்சுப்பொறி இருக்கிறது. மாணவர் வருகைப் பதிவுகூட இணையத்தில்தான். லைன் இல்லை என்றால் பாதி வேலை நின்றுவிடுகிறது. அப்போது "லைன் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். எங்கே இல்லை, எதனால் இல்லை என்று சொல்ல நமக்குத் தமிழில் சொற்கள் வேண்டும். தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவனுக்கும் "இணையம் உலகைச் சுருக்கிவிட்டது" என்ற தேய்ந்த வரியைத் தாண்டி ஏதாவது உண்மையான செய்தி வேண்டும். இரண்டுக்கும் உதவட்டும் என்றே இந்தக் கட்டுரை.

76100 என்ற எண்

டுரியான் துங்காலுக்குக் கடிதம் போட்டால் முகவரியில் 76100 என்று எழுதுகிறோம். இந்த ஐந்து இலக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மலாக்கா மாநிலத்தின் அஞ்சல் குறியீடுகள் 75 முதல் 78 வரை தொடங்குகின்றன. மலாக்கா நகரம் 75000, அலோர் காஜா 78000, ஜாசின் 77000. பினாங்கில் இருக்கும் அஞ்சல் ஊழியருக்கு டுரியான் துங்கால் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்து மலாக்கா பக்கம் அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. மீதி இலக்கங்களை மலாக்காவில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். தெருவையும் வீட்டு எண்ணையும் டுரியான் துங்கால் தபால்காரர் பார்த்துக்கொள்வார்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டி காலத்தில் லயத்து வீட்டுக்குத் தனியாகத் தபால் வராது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். உறையில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அதற்குள் ஆளின் பெயர். கிராணி பிரித்துக் கொடுப்பார். "5-ஆம் லயம், 12-ஆம் வீடு" என்பது அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். பக்கத்துத் தோட்டத்திலும் 5-ஆம் லயம் 12-ஆம் வீடு இருக்கும். அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. வெளியுலகத்துக்குத் தோட்டத்தின் பெயர் போதும்; உள்ளே லயத்து எண் போதும்.

இந்த இரண்டு காட்சிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரியின் முழு வரலாறும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். முகவரிக்கு இரண்டு பகுதி உண்டு: எந்த வலை, அந்த வலைக்குள் எந்தக் கருவி. வெளியே இருப்பவர் முதல் பகுதியை மட்டும் பார்க்கிறார். உள்ளே இருப்பவர் இரண்டாம் பகுதியைப் பார்க்கிறார்.

பொட்டலமாகப் பிரித்து அனுப்பும் யோசனை

பழைய தொலைபேசியில் இரண்டு பேர் பேசினால், பேசி முடிக்கும்வரை அந்தப் பாதை அவர்களுக்கே சொந்தம். நடுவில் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் பேச்சும் அறுந்துவிடும். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்ற இருவர் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டின் மேலும் சேர வேண்டிய இடத்தை எழுது. எந்தப் பாதை காலியோ அந்தப் பாதையில் விடு. சேர்ந்த இடத்தில் ஒட்டவை. இந்தத் துண்டுக்குத்தான் 'பொட்டலம்' என்று பெயர். 1969 அக்டோபர் 29-இல் அர்ப்பாநெட் என்ற வலையில், கலிபோர்னியாவின் இரண்டு ஆய்விடங்களுக்கு இடையே முதல் செய்தி போனது. 'லாகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதுமே கணினி நின்றுவிட்டது. அப்படித்தான் தொடங்கியது.

1974-இல் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வெவ்வேறு வலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை எழுதினார்கள். இணையத்தின் மையக் கருத்து இதுதான். உலகம் முழுக்க ஒரே வலை போட வேண்டியதில்லை. இருக்கிற வலைகள் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு இடையே பொதுவான முகவரியும் வழிகாட்டியும் போதும். 1981 செப்டம்பரில் ஐபி நான்காம் பதிப்பின் விதிகள் ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக வெளிவந்தன. 1983 ஜனவரி 1-இல் அர்ப்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது.

அந்த நான்காம் பதிப்பில் முகவரியின் நீளம் 32 பிட். அதாவது பூஜ்யமும் ஒன்றுமாக 32 இலக்கங்கள். நம்ம வசதிக்காக அதை எட்டு எட்டாகப் பிரித்து, 192.168.10.25 என்று நான்கு எண்களாக எழுதுகிறோம். ஒவ்வோர் எண்ணும் 0-இலிருந்து 255-க்குள் இருக்கும். 300.1.1.1 என்று யாராவது முகவரி எழுதினால் அது பிழை என்று உடனே சொல்லிடலாம். மொத்தம் 4,294,967,296 முகவரிகள். 1970-களில் அது கடல்போலத் தெரிந்தது. ஆராய்ச்சிக்காகப் போட்ட வலைக்கு நாலு பில்லியன் முகவரி போதாதா என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

மலேசியாவுக்கு வந்த வழி

நம் நாட்டில் 1985-இல் மிமோஸ் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் அதன் வழியே ரங்கோம் என்ற வலை பிறந்தது. 'ரங்காயான் கொம்புயுத்தர் மலேசியா' என்பதன் சுருக்கம் அது. தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகங்களின் கணினிகளை இணைத்து, மின்னஞ்சல் பரிமாறினார்கள். 1987-இல் '.மை' என்ற நாட்டுக் குறியீடும் கிடைத்தது. 1992-இல் ஜாரிங் வந்தது. மலாயில் ஜாரிங் என்றால் வலை என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவோடு செயற்கைக்கோள் வழி இணைப்பு. வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்று ஒரு வாட்ஸ்அப் படத்தை அந்த வேகத்தில் இறக்கினால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்தக் குறுகிய பாதையில்தான் நாடு முழுவதும் உலகத்தோடு பேசியது. இந்தப் பணிகளை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் முனைவர் முகமது அவாங் லா. 1996-இல் டிஎம்நெட் இரண்டாவது சேவையாக வந்தபோது, இணையம் சாதாரணக் குடும்பங்களின் வீட்டுத் தொலைபேசிக்கும் எட்டியது.

டுரியான் துங்காலுக்கும் இதில் பங்கு உண்டு. 2000 டிசம்பரில் மலாக்காவில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. 2007-இல் அது முழுப் பல்கலைக்கழகமாகி, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, சுருக்கமாக யூடெம், என்று பெயர் பெற்றது. அதன் முதன்மை வளாகத்தின் அஞ்சல் முகவரி டுரியான் துங்கால் 76100. கணினி வலையமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் பெறும் வாய்ப்பு அங்கே உண்டு. ரப்பர் மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் இன்று ரூட்டரும் சுவிட்சும் பாடமாகிவிட்டன. சுற்றுவட்டாரப் பிள்ளைகளே, தூரத்தில் கோலாலம்பூரில்தான் இதெல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

சுவிட்ச்: உள்ளூர்த் தபால்காரர்

இப்போது கருவிக்கு வருவோம். 1973-இல் பாப் மெட்கால்ஃப் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈத்தர்நெட் என்ற முறையை உருவாக்கினார். ஒரே கம்பியில் பல கணினிகள் தொங்கும். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதிக்கொள்ளும். பிறகு சற்றுப் பொறுத்து மறுபடியும் பேச வேண்டும். பிறகு வந்த 'ஹப்' என்ற பெட்டியும் இதே குணம்தான். ஒரு துளையில் வந்ததை எல்லாத் துளைகளிலும் கத்திவிடும். பிரட்டில் மண்டோர் ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் எல்லார் காதிலும் விழுமே, அப்படி.

1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு துளைகள் கொண்ட ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994-இல் அதை சிஸ்கோ வாங்கிக்கொண்டது. இன்று உலகில் எந்த அலுவலகத்திலும் மூலையில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு இதுவே முன்னோடி.

சுவிட்ச் என்ன செய்கிறது? ஒவ்வொரு வலையட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இது பிறப்புப் பத்திர எண் மாதிரி. வீடு மாறினாலும் மாறாது. சுவிட்ச், எந்தத் துளையிலிருந்து எந்த மேக் முகவரி பேசுகிறது என்று கவனித்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் அந்தத் துளைக்கு மட்டும் அனுப்பும். பட்டியலில் இல்லை என்றால் மட்டும் எல்லாத் துளைக்கும் அனுப்பிக் கேட்கும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது.

இங்கே மாணவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கணினிக்கு ஐபி முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு? ஐபி என்பது இருக்குமிடம்; மேக் என்பது ஆள். நீங்கள் அலோர் காஜாவிலிருந்து ஜாசினுக்கு வீடு மாறினால் அஞ்சல் முகவரி மாறும், அடையாள அட்டை எண் மாறாது. சாதாரண சுவிட்சுக்கு ஆளைத் தெரியும், ஊர் தெரியாது. அதனால் ஒரு கணினி, "192.168.10.60 யாருப்பா? உன் மேக் முகவரியைச் சொல்லு" என்று வலை முழுக்க ஒரு குரல் விடும். உரியவர் பதில் சொல்வார். இதற்கு ஏஆர்பி என்று பெயர். 1982-இல் வந்த விதி.

ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. கணினி அறையைக் கூட்டிப் பெருக்கும்போது கழன்று கிடக்கும் கேபிள் முனையை யாராவது அதே சுவிட்சில் இன்னொரு துளையில் செருகிவிட்டால், 'எல்லாருக்கும் அனுப்பு' என்ற செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி அறை முழுவதையும் முடக்கிவிடும். இந்தச் சுழலைக் கண்டுபிடித்து ஒரு துளையைத் தானே அடைக்கும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் வகுத்தார். நல்ல சுவிட்சுகளில் அது இருக்கும். மலிவான பலவற்றில் இருக்காது. ஆகவே அறை முழுக்க ஒரே நேரத்தில் லைன் செத்து, சுவிட்சின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தாற்போல் மின்னினால், முதலில் கேபிளைப் பாருங்கள்.

ரூட்டிங்: ஊர் விட்டு ஊர் போகும் வழி

சுவிட்ச் ஒரு வலைக்குள் மட்டும். வலை விட்டு வலை போக வேண்டுமானால் ரூட்டர் வேண்டும். தமிழில் திசைவி என்கிறோம்; நல்ல சொல். கணினி ஒன்று பொட்டலத்தை அனுப்பும் முன் கேட்கும் முதல் கேள்வி: சேர வேண்டியவர் நம்ம வலையா, வெளி வலையா? இதைத் தீர்மானிப்பதற்குத்தான் துணைவலை மறைப்பு.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். உங்கள் கணினி 192.168.10.25, மறைப்பு 255.255.255.192, அதாவது /26. முதல் 26 பிட்டுகள் வலையைக் குறிக்கும், மீதி 6 பிட்டுகள் கருவியைக் குறிக்கும். ஆறு பிட்டுக்கு 64 எண்கள். ஆகவே கடைசிப் பகுதி 0–63, 64–127, 128–191, 192–255 என்று நான்கு துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் வலையின் பெயர், கடைசி எண் எல்லாரையும் கூப்பிடும் எண். இரண்டையும் கழித்தால் 62 கருவிகளுக்கு இடம். இப்போது அச்சுப்பொறி 192.168.10.60. அது 0–63-க்குள் இருக்கிறது, நம்ம வலை. நேராகச் சுவிட்ச் வழியாகப் போகலாம். அலுவலகக் கணினி 192.168.10.90. பார்க்கப் பக்கத்து எண் மாதிரி இருக்கிறது, ஆனால் 64–127 என்ற அடுத்த துண்டு. அது வேறு வலை. இரண்டும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தாலும், ரூட்டர் இல்லாமல் அந்த வழக்கமான முறையில் பேச முடியாது. தேர்வில் இந்தக் கணக்குத்தான் வேறு வேறு வேடத்தில் வரும்.

வெளி வலை என்று தெரிந்தால், கணினி அதைத் 'தலைவாசல்' முகவரிக்கு, அதாவது ரூட்டருக்குக் கொடுத்துவிடும். தோட்டத்தில் கடிதத்தைக் கிராணியிடம் கொடுப்பதுபோல. ரூட்டரிடம் ஒரு வழிப்பட்டியல் இருக்கும். 10.0.0.0/8 என்றால் இந்தப் பக்கம், 10.20.0.0/16 என்றால் அந்தப் பக்கம் என்று இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10.20.5.7-க்கு ஒரு பொட்டலம் வந்தால் இரண்டு வரியும் பொருந்தும். எதை எடுப்பது? அதிக இலக்கம் பொருந்துவதை எடுக்க வேண்டும், ஆகவே இரண்டாவது. 76 என்று தொடங்குவதெல்லாம் மலாக்காவுக்கு என்றிருந்தாலும், 76100 என்று தனி மூட்டை இருந்தால் அதில்தானே போடுவோம். எந்த வரியும் பொருந்தாவிட்டால் 0.0.0.0/0 என்ற பொதுவழி.

வழிப்பட்டியலை ஆளே உட்கார்ந்து எழுதினால் அது நிலையான ரூட்டிங். சின்னப் பள்ளிக்கு அது போதும். பெரிய வலையில் ரூட்டர்கள் தமக்குள் பேசிக்கொண்டு பட்டியலைத் தாமே திருத்திக்கொள்ளும். 1988-இல் ஆவணமான ரிப் முறை எத்தனை தாவல் என்று எண்ணும்; பதினைந்துக்கு மேல் போகாது. 1989-இல் முதல் பதிப்பு வந்த ஓஎஸ்பிஎஃப், வலை முழுவதின் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு குறைந்த செலவுள்ள வழியைக் கணக்கிடும். நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும், நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே ஓடுவது பிஜிபி. இதுவும் 1989-இல் பிறந்ததுதான். கர்க் லாஹீட், யாக்கோவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் தாளில் எழுதியது என்பது துறையில் பெயர்போன கதை. பொட்டலம் வழிதவறிச் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக அதன் மேல் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். சுழியமானால் பொட்டலம் குப்பைக்கு.

1990-களின் பிற்பகுதியில் சுவிட்சுக்குள்ளேயே ரூட்டிங் வேலையையும் புகுத்தினார்கள். அதுதான் மூன்றாம் அடுக்கு சுவிட்ச். ஒரே பெட்டியில் மாணவர் வலை, ஆசிரியர் வலை, அலுவலக வலை என்று மூன்று மெய்நிகர் வலைகளைப் பிரித்துவிடலாம். அந்த மூன்றுக்கும் இடையே எது போகலாம், எது போகக்கூடாது என்று அதே பெட்டி முடிவு செய்யும். மாணவன் கணினி அறையிலிருந்து தேர்வுத்தாள் இருக்கும் அலுவலகக் கணினிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதே! அதற்கான சுவர் இதுதான்.

மாற்றுவழி இருந்தால்

மலாக்காவுக்கு ஒருகாலத்தில் ரயில் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை கிளைப் பாதை ஒன்றைப் பிரிட்டிஷார் போட்டிருந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையைப் போடத்தான் நம் தோட்டத்து மக்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்துப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. மலாக்காவின் ரயில் பாதையும் திரும்பவில்லை. ஒரே வழிதான் இருந்தது. அதைப் பிடுங்கியதும் மலாக்கா நகரத்துக்கு ரயில் இல்லாமலே போய்விட்டது.

இணையத்தை அமைத்தவர்கள் அஞ்சியது இதற்குத்தான். நம்ம மலாக்காவே இதற்கும் சான்று. சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் 2005 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை ஏறக்குறைய 18,800 கிலோமீட்டர். அது கரையேறும் இடங்களில் சிங்கப்பூர், மலாக்கா, கொழும்பு, சென்னை நான்கும் உண்டு. நம்மவர் கப்பலேறி வந்த கடல்வழியில் இன்று கண்ணாடி இழை கிடக்கிறது. 2008 ஜனவரி 30-இல் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இந்தக் கேபிளும் இன்னொரு கேபிளும் அறுந்தன. இந்தியாவிலும் மேற்காசியாவிலும் இணையம் தள்ளாடியது. ஆனால் முற்றாகச் சாகவில்லை. ரூட்டர்கள் மேற்குப் பாதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கிழக்கே, ஆசிய பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டன. அதற்குச் சற்று முன், 2006 டிசம்பர் 26-இல் தைவான் நிலநடுக்கத்தில் கிழக்குக் கேபிள்கள் பல அறுந்தபோது, மலேசியாவிலும் இணையம் ஊர்ந்தது. மெதுவாயிற்று, நிற்கவில்லை. ரூட்டிங்கின் பயன் என்ன என்று தேர்வில் கேட்டால், இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எழுதுங்கள்.

முன்னால் வந்தவருக்குத் தோட்டம், பின்னால் வந்தவருக்கு அறை

இப்போது கதையின் கசப்பான பகுதி. தொடக்கத்தில் முகவரிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏ வகுப்பு ஒன்று வாங்கினால் 16.7 மில்லியன் முகவரி. பி என்றால் 65,536. சி என்றால் 256. நடுவில் அளவே இல்லை. ஐந்நூறு கணினி உள்ளவருக்கு சி போதாது. பி வாங்கினால் 65 ஆயிரம் வீணாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 18 என்று தொடங்கும் ஏ வகுப்பு முழுவதையும் வைத்திருந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு 16.7 மில்லியன்! 2017-இல்தான் அதில் ஏறக்குறைய பாதியை விற்பதாக அறிவித்தது.

1993-இல் வகுப்பு முறையை ஒழித்து, /26 மாதிரி எந்த அளவிலும் வெட்டிக் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். 1994-இல் 'நாட்' என்ற முகவரி மாற்று முறை ஆவணமானது. அதே ஆண்டில் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டிலும் 192.168, பக்கத்து வீட்டிலும் 192.168. லயத்து வீட்டு எண்ணேதான்! வெளியே போகும்போது ரூட்டர் உள்முகவரியை மறைத்துத் தன் பொது முகவரியை ஒட்டி அனுப்பும். பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கும். கிராணி இன்னும் ஓய்வுபெறவில்லை.

இதனால் உலகம் தப்பித்தது உண்மை. ஆனால் லயத்து வீட்டு எண்ணுக்கு ஒரு குறை உண்டு என்பதை நம் சமுதாயம் நன்றாக அறியும். அது நம் பெயரில் இல்லை. தோட்டம் கைமாறினால் எண்ணும் போய்விடும். ஆபீசைத் தாண்டி யாரும் நேராக நம் கதவைத் தட்ட முடியாது. நாட் முறையிலும் அப்படியே. உள்ளே இருப்பவர் வெளியே போய் எதையும் வாங்கலாம். ஆனால் வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரை நேராகக் கூப்பிட முடியாது. சொந்தமாக ஒரு சேவையகம் வைத்து நாலு பேருக்குச் சேவை கொடுக்க நினைக்கும் இளைஞனுக்கு இது தடை. தாமதமாக வந்த ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இந்தத் தடை அதிகம்.

2011 பிப்ரவரி 3-இல் உலகப் பொதுக்கிடங்கின் கடைசி முகவரித் தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் நம் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு ஓர் உறுப்பினருக்கு அதிலிருந்து அதிகம் போனால் 1,024 முகவரிதான் என்று அளந்து கொடுத்தது.

இதற்கு நிரந்தர மருந்து ஐபி ஆறாம் பதிப்பு. முதல் விதிகள் 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டன. முகவரி நீளம் 128 பிட். எண்ணிக்கை 340-ஐ எழுதிப் பின்னால் 36 சுழியம் போட வேண்டிய அளவு. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. 2012 ஜூன் 6-இல் உலகின் பெரிய நிறுவனங்கள் அதை நிரந்தரமாகத் திறந்துவிட்டன. மலேசியா இதில் பின்தங்கவில்லை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்து வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். இந்தப் பெயரை மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உலக முகவரி முறை மாறும் காலத்தில், நம் நாட்டு முயற்சியின் முன்வரிசையில் நின்ற பெயர் அது.

எண்ணுக்கு மேல் பெயர்

எண்ணை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, பெயரைத்தான் தட்டுகிறோம். அந்தப் பெயரும் பல காலம் ஆங்கில எழுத்தில் மட்டுமே இருந்தது. பிறகு '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே நாட்டுப் பெயர்கள் இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. கணினியில் தமிழ் பரவியதில் முரசு அஞ்சல் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறனின் உழைப்பையும், 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையும் மறக்கக்கூடாது. முகவரி எண்ணுக்குச் சாதி இல்லை, மொழி இல்லை. அதன் மேல் எந்த மொழியில் பெயர் எழுதுவது என்பது மட்டும் அந்த மொழியைப் பேசுபவர் எடுக்கும் முயற்சியைப் பொறுத்தது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, கணினி அறையில் லைன் இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். கணினியின் முகவரி என்ன காட்டுகிறது? 169.254 என்று தொடங்கினால், முகவரி பகிரும் கருவி அதற்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று சரியாக இருந்தால், தலைவாசல் முகவரி பதில் சொல்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் கோளாறு பள்ளிக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவையும் சொல்லிப் புகார் கொடுத்தால், பழுதுபார்க்க வருபவர் பாதி வேலையை வருவதற்கு முன்பே முடித்துவிடுவார்.

மாணவர்களே, கீழ்க்காணும் வினாக்களுக்குச் சொந்த நடையில் விடை எழுதிப் பழகுங்கள்.

1. ஐபி முகவரிக்கும் மேக் முகவரிக்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட வாழ்க்கை எடுத்துக்காட்டோடு விளக்குக.
2. ஒரு கணினியின் முகவரி 192.168.10.130, மறைப்பு /26. அது 192.168.10.185 என்ற கருவியோடு ரூட்டர் இல்லாமல் பேச முடியுமா? காரணம் தருக.
3. ஹப், சுவிட்ச், ரூட்டர் மூன்றின் பணிகளையும் ஒப்பிடுக.
4. ஐபி நான்காம் பதிப்பின் முகவரிகள் தீர்ந்ததற்கு வகுப்பு முறையும் ஒரு காரணம் என்ற கூற்றை ஆராய்க.
5. "முகவரி இல்லாதவன் சேவையைப் பெறலாம், வழங்க முடியாது." இக்கருத்தைத் தோட்ட வாழ்வோடும் இணையத்தோடும் தொடர்புபடுத்தி 250 சொற்களில் கட்டுரை எழுதுக.

இரண்டாம் வினாவுக்கு விடை, முடியும். 128 முதல் 191 வரை ஒரே துண்டு என்பதை மேலே பார்த்தோம். ஐந்தாம் வினாவுக்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தாத்தா பாட்டி இருந்தால், அவர்களுக்குக் கடிதம் எந்த முகவரிக்கு வந்தது என்று கேட்டு எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத குறிப்பு ஒன்றாவது உங்கள் கட்டுரையில் சேரும்.